உட்காரக் கற்ற வருஷம்

பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருப்பதாக அறிஞர் குழு ஒன்று கண்டுபிடித்தது. அதுவரை பிள்ளைகள் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். இது பேராபத்து என்று கருதிய மேலிடம், பள்ளத்தின்மேல் பாலமாக 'இணைப்பாண்டு' என்று ஒரு வருஷப் படிப்பைக் கட்டியது.

தையல்காரம்மாவின் மகள் குட்டிக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. வாசலில் கிடக்கும் நொண்டி நாயின் காலைத் தடவி, "கொஞ்சம் பொறு, டாக்டராகி வந்து சரி பண்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். நாயும் பொறுத்திருந்தது. குட்டி இணைப்பாண்டில் சேர்ந்தாள்.

முதல் நாள் அந்தப் படிப்பின் இயக்குநர் வகுப்புக்குள் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் முகம் வாடிவிட்டது.

"இதான் பள்ளிக்கூடப் புத்தி! பல்கலைக்கழகத்துல எல்லாரும் சுதந்திரமா சிந்திக்கிறவங்க. யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க. உட்காருங்க!"

உட்கார்ந்தார்கள்.

"பாருங்க, சொன்ன உடனே உட்காருறீங்க. அதுவும் தப்பு!"

ஆகவே அந்த ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருப்பதே பாடமாயிற்று. இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு வருவார், போவார், எதிர்பாராத நேரத்தில் மறுபடி வருவார். குட்டியின் முழங்கால் தானாகத் துள்ளும். வீட்டில் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பயிற்சி கொடுத்தாள்.

"இப்ப நான் பெரிய அதிகாரி. உள்ளே வரேன்... ஐயோ, அசையுறியேடி!"

"கால் மரத்துப்போச்சும்மா. மாட்டைப் பத்தி எப்பத்தான் சொல்லித் தருவாங்க?"

"முதல்ல உட்காரப் பழகு. மாடு எங்கே ஓடிடப் போகுது?"

இறுதித் தேர்வில் இயக்குநர் மேஜையைத் தட்டினார், மணியடித்தார், "வணக்கம் சொல்லுங்க" என்று கத்தினார். குட்டி பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தாள். முதலிடம் அவளுக்குத்தான். அவளைப் பெருமையாகக் காட்டுவதற்காக, பல்கலைக்கழக நேர்காணலுக்கு இயக்குநரே கூட வந்தார்.

மூத்த பேராசிரியர் அறைக்குள் நுழைந்தார். நாற்காலி பின்னால் சாய, ஒருவர் விறைப்பாக எழுந்து நின்று கைகூப்பினார். அவர் இயக்குநர்.

குட்டி அசையவில்லை.

"ஏம்மா, பெரியவங்க வந்தா எழுந்திருக்கத் தெரியாதா?" என்றார் பேராசிரியர்.

"போன வருஷம் தெரியும் சார். ஒரு வருஷம் படிச்சு மறந்தேன்."

பேராசிரியர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தம் செருப்பைப் பார்த்தார்.

அறிஞர் குழு அவசரமாகக் கூடியது. மாணவி மேல் குற்றமில்லை; பாலம்தான் ஒரு சாண் நீண்டுவிட்டது என்று ஒருமனதாக முடிவாயிற்று. எழுந்து நிற்பதை மீண்டும் கற்பிக்க 'மறு இணைப்பாண்டு' உடனே தொடங்கப்பட்டது. இயக்குநராக, செய்முறையில் தேர்ந்தவர் என்பதால், அவரே நியமிக்கப்பட்டார்.

சேதி கேட்டு மாடி வீட்டுப் பெரியம்மா மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"ரெண்டு வருஷமா? எங்க பையனுக்கு ஒண்ணுதானே குடுத்தாங்க! யாரைப் பிடிச்சு வாங்குனே?"

அதுவரை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "எல்லாருக்கும் குடுத்துடுவாங்களாக்கா? முதல் மார்க் வாங்கணும்!"

பெரியம்மா வந்ததற்காகக் குட்டி எழுந்து நின்றாள். பாடத்தை இப்போதே தொடங்கிவிடலாமே.

வாசலில் நாய் மட்டும் எழவில்லை. அதற்குக் கால் வலி. டாக்டர் வர இன்னும் ஒரு வருஷம் கூடுதலாக ஆகும்.