மழை நாள் கழிவும் மொத்த உள்நாட்டு உற்பத்தியும்

உலகப் பொருளாதார வரலாற்றை இனிமேல் எழுதப் புகுகிறவர்கள், கோத்தகிரிக்குக் கீழே இருக்கும் டன்லோரி தேயிலை எஸ்டேட்டின் மஸ்டர் களத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. அண்டை நாடுகளின் பொருளாதாரத்தை அதிகாரபூர்வமான புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டு, அதன் மூலம் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டின் கூரை ஒழுகுவதை நிறுத்தும் முயற்சி மனித குலத்தில் முதன்முதலாக நடந்தது அங்கேதான். அந்த முயற்சியின் தலைமைப் புள்ளியியலாளர் என்ற முறையில் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். பெயர் தனசிங். அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருஷமும் அதே ஆபீஸில் கிளார்க். மழைமானியைப் பார்த்து எழுதுவது, கொழுந்து எடையைக் குறிப்பது, லீவ் லெட்டர்களைத் தொலைப்பது ஆகியவை என் பொறுப்பில் இருந்தன.

தொடக்கம் சாதாரணமானதுதான். மே மாதத்தில் ஒரு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் மஸ்டர் நேரத்தில், மூன்றாம் நம்பர் லைனில் குடியிருக்கும் இசக்கியம்மா ஒரு மனுவோடு வந்து நின்றார். ஏழு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த மலையில் இருந்தும் என்னை இன்னும் 'கிளாக்கரய்யா' என்றுதான் கூப்பிடுவார்.

"தொர, கூரத் தகரம் பூரா இத்துப் போச்சுங்க. மூத்தவ மாலதி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. ஆடி மாசம் தேதி சொல்லியிருக்காங்க. மழைக்கு முன்னால நாலு தகரம் மாத்திக் குடுத்தீங்கன்னாப் போதும்."

மேனேஜர் ஜெஃப்ரி துரை மனுவை வாங்கவில்லை. அவர் மனுக்களை வாங்குகிறவர் அல்ல, மனுக்களுக்கு அப்பால் பார்க்கிறவர். அன்றைக்கு இலங்கை வரைக்கும் பார்த்தார்.

"இசக்கியம்மா, நீங்க சிலோன்ல எந்த ஊரு?"

"அட்டன் பக்கமுங்க."

"கொஞ்ச வருஷம் முன்னாடி அங்க என்ன ஆச்சு தெரியுமா? ஒரே வருஷத்துல விலைவாசி எழுபது சதவீதம் ஏறுச்சு. பெட்ரோலுக்கு நாள் கணக்கா கியூல நின்னாங்க."

"எங்கூட்டுல பெட்ரோல் ஒழுகலைங்க. மழைதான் ஒழுகுது."

களத்தில் சிலர் சிரித்தார்கள். தேசிய வருமானம் பற்றிய அறியாமை இவ்வளவு பரவலாக இருப்பதைக் கண்டு துரை கலங்கிப் போனார். அன்று மத்தியானமே ஆபீஸ் ஸ்டோர் ரூமில் 'அண்டை நாட்டுப் பொருளாதார ஒப்பீட்டுப் பிரிவு' திறந்து வைக்கப்பட்டது. எனக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு தேசப்படம். அந்த அறையில் கிடந்த எட்டுப் புதுத் தகரங்கள் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக இருந்தபடியால், துரை பங்களாவின் கார் ஷெட்டுக்கு அனுப்பினோம். அங்கே அவை கூரையாகிவிட்டன. காருக்கு ஆடி மாதம் எந்தத் தேதியும் சொல்லப்படவில்லை என்றாலும், முன்னேற்பாடு நல்லதுதானே.

முதல் சிக்கல், எதெல்லாம் அண்டை நாடு என்பது.

"சீனாவைச் சேத்திக்கலாங்களா சார்?"

"அது எல்லைப் பிரச்சினை. அண்டை நாடு இல்ல."

"மாலத்தீவு, தலைக்கு வருமானம் எடுத்தா நம்மளவிட நாலு மடங்கு காட்டுதுங்க."

"அது டூரிஸ்ட் ஸ்பாட் தனசிங். ஹனிமூன் போற எடத்தையெல்லாம் நாடுன்னு சொல்லிட்டிருந்தா ஊட்டியும் ஒரு நாடுதான்."

"பூட்டானும் மேலதான் வருதுங்க."

"ஜனம் கம்மி. நியாயமான போட்டியில்ல. விடுங்க."

தயங்கித் தயங்கித்தான் அடுத்ததைச் சொன்னேன். "இலங்கையே தலைக்கு எடுத்தா நம்மளவிட மேல வருதுங்க சார்."

துரை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "தலைக்கு எதுக்கு எடுக்கறீங்க? மொத்தமா எடுங்க."

மேதைமை என்பது இதுதான். மொத்தமாக எடுத்த மாத்திரத்தில் நம் தேசம் இலங்கையைப் போல முப்பது மடங்குக்கு மேல் எழுந்து நின்றது. பிரிவின் நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: நாங்கள் பயன்படுத்திய எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எல்லாம் அரசாங்கங்களே வெளியிட்டவை. பொய் சொல்லவேண்டிய தேவையே எங்களுக்கு வரவில்லை.

ஆய்வின் முடிவு, இருபதடிக்குப் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ் பேனராகக் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. வரைபடத்தில் நம் தேசத்தின் தூண் பச்சை நிறத்தில் மேல் விளிம்பை இடித்தது. இலங்கைத் தூணைப் பார்க்க ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். காற்றில் கிழியாமல் இருக்க பேனர்காரர் அங்கங்கே அரைவட்டமாக வெட்டி ஓட்டை விட்டிருந்தார். பெரிய தூண் என்பதால் ஓட்டைகள் பெரும்பாலும் நம் வளர்ச்சியிலேயே விழுந்தன.

மஸ்டர் களத்தில் பேனரை ஏற்றி, துரை நாற்பது நிமிஷம் பேசினார். கொழுந்துக் கூடைகள் வெறுமனே நின்றன. கடைசியில், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். பேச்சாளர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

"தொர, இந்த எடை ஈரம் கழிச்சதுங்களா, கழிக்காததுங்களா?" என்றார் இசக்கியம்மா.

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் மழை நாளில் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, ஈரத்துக்கும் சாக்குக்குமாகச் சேர்த்து ஒவ்வொரு நிறுவைக்கும் மூன்று கிலோ கழித்துத்தான் எழுதுவோம். விதி. எழுதியவர் யார் என்று தெரியாததால் மாற்றுவதற்கும் ஆளில்லை.

"இது தேசத்தோட எடை. இதுல ஏதுங்க ஈரம்?" என்றார் துரை.

"வெலவாசி ஏறுனா இந்த நம்பரும் ஊதிக்குமில்லீங்களா? அது ஈரந்தானுங்களே."

பாடப் புத்தகம் மூன்று பக்கம் எடுத்துக்கொள்ளும் ஒரு விஷயத்தை இசக்கியம்மா இப்படிக் கொச்சைப்படுத்தியது எனக்கு மிகுந்த வருத்தத்தை அளித்தது. அவர் நிறுத்தவுமில்லை.

"அங்கயே தங்கிட்ட எங்கண்ணன் மூக்கன் நேத்து போன்ல பேசுச்சுங்க. அவங்க தோட்டத்துத் தொரையும் ஒரு பேனர் கட்டியிருக்காராம். அதுல தலைக்கு எடுத்துப் போட்டிருக்காங்களாம். இந்தியாக்காரன விட நீங்க ஒசத்தி, இனிமே லயத்துக் கூரையப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாராம்."

துரைக்குத் தொழில்முறை ஆர்வம் வந்துவிட்டது. "உங்கண்ணன் ஊட்டுக் கூரை எப்படி?"

"ஒழுகுதுங்க. தலைக்கு எடுத்தாலும் ஒழுகுது, மொத்தமா எடுத்தாலும் ஒழுகுது."

கூட்டம் தேசிய கீதத்துடன் அவசரமாக முடிக்கப்பட்டது.

ஆடி பிறந்தது. மழையும் பிறந்தது. கோத்தகிரி ஆஸ்பத்திரியில் மாலதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு கிராம். தகவல் வந்ததும் துரை கொஞ்சம் முகம் சுளித்தார். ஒரு தலை கூடினால் தலைக்கு வருவது குறைகிறதே என்ற தேசக் கவலை.

குழந்தை லைனுக்கு வந்த மறுநாள் பேனரைக் காணவில்லை.

விசாரணை அதிகாரியாக நான் நியமிக்கப்பட்டேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் மூன்று மணி நேரம் தேடினேன். பேனர், எஸ்டேட்டின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படியாக, மூன்றாம் நம்பர் லைனின் கூரைமேல் விரிந்து கிடந்தது. விளிம்பு நெடுகக் கல் வைத்திருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். அண்டை நாடுகள் விழுந்த பக்கம் சொட்டு இல்லை. நம் வளர்ச்சியின் ஓட்டைகளுக்கு நேர் கீழே மட்டும் ஒரு குண்டான் வைக்கப்பட்டிருந்தது. ஈரமில்லாத பக்கத்தில் தொட்டில்.

அறிக்கை கொடுத்தேன். ஒரு லைன் வீட்டுக்குப் பொருளாதாரம் நேரடியாகப் பயன்பட்டிருப்பதால் இதைச் சாதனையாகக் கருதலாம் என்று அடக்கமாக ஒரு வரி சேர்த்திருந்தேன். துரை அந்த வரியை அடித்தார்.

"வியாழக்கிழமை ஹெட் ஆபீஸ்ல இருந்து யூனிஸ் மேடம் வராங்க. பேனர் களத்துல இருந்தாகணும். எறக்குங்க."

புதன்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில், இரண்டு ஆட்களோடு போய் இறக்கினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாலதி ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நகர்ந்துகொண்டே இருந்தாள். அறைக்கு நான்கு மூலைகள்தான்.

"ஏங்க கிளாக்கரய்யா," என்றார் இசக்கியம்மா, வாசலில் நின்றபடி. "அந்தச் சிலோன் துண்டையாவது வெட்டி விட்டுட்டுப் போங்க. உங்களுக்கு அது சின்னதுதானே."

அதிகாரபூர்வமான புள்ளிவிவரத்தை வெட்ட எனக்கு அதிகாரமில்லை என்று சொன்னேன். உண்மைதான். சேர்க்காமல் விட மட்டும்தான் எனக்கு அதிகாரம்.

வியாழக்கிழமை யூனிஸ் மேடம் வந்தார். பேனரின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு கொழுந்து நிறுக்கும் ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மழை விடவில்லை. பெண்கள் வரிசையாக வந்து சாக்கைத் தராசில் வைத்தார்கள். நான் எடையைச் சொல்லி, மூன்று கழித்து, எழுதினேன்.

இசக்கியம்மாவின் முறை வந்தது. தோளில் சாக்கு இல்லை. நனைந்த துணியில் சுற்றிய பேத்தியைத் தராசின்மேல் மெல்லக் கிடத்தினார். இரண்டு கையையும் ஓரங்குல இடைவெளியில் அணையாகப் பிடித்துக்கொண்டார். குழந்தை தும்மியது.

தராசில் எண் எரிந்தது: 2.800.

"நனைஞ்ச சரக்குங்க," என்றார். "கழிச்சு எழுதுங்க."

"இசக்கியம்மா, என்ன இது? மேடம் இருக்காங்க," என்றார் துரை.

"மேடம் இருக்கறப்பத்தானுங்க சட்டப்படி நடக்கணும்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "என்ன கழிப்பீங்க?"

"மழை நாள் கழிவுங்க மேடம். மூணு கிலோ."

"இந்தக் குழந்தைக்கா?"

"நிறுவைக்குங்க. யாரு எதுன்னு விதியில இல்லீங்க."

மேடம் மனதுக்குள் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. நானும் கழித்தேன். மைனஸ் இருநூறு கிராம். பிரிவின் தலைவனாக எத்தனையோ நாடுகளை ஒப்பிட்டிருக்கிறேன். எந்த நாடும் ஒரு பிரஜையைப் பூஜ்யத்துக்குக் கீழே நிறுத்திக் காட்டியதாக என் கோப்பில் இல்லை.

குழந்தையை அள்ளி மாராப்புக்குள் சேர்த்துக்கொண்டு இசக்கியம்மா, தகரம் கேட்ட கதையை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"நாலு தகரம்கூடவா இல்ல?" என்றார் மேடம்.

"ஸ்டாக் இல்லைங்க மேடம்," என்றார் துரை. "ஆனா ஒட்டுமொத்தமாப் பார்த்தா நம்ம வளர்ச்சி..."

"தனசிங், நீங்க சொல்லுங்க. இந்த எஸ்டேட்டுல தகரம் இருக்கா, இல்லையா?"

ஷெட் வாசலுக்கு நேர் எதிரே, மேட்டில், துரையின் கார் ஷெட் தெரிந்தது. எட்டுப் புதுத் தகரமும் மழையில் கழுவிவிட்டதுபோல் மின்னின. மேடமும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். துரை என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் கற்றதையெல்லாம் திரட்டி, அதிகாரபூர்வமாக, ஒரு எண்ணும் பொய்யில்லாமல் பதில் சொன்னேன்:

"மொத்தமா எடுத்தா இருக்குங்க மேடம். தலைக்கு எடுத்தாத்தான் இல்லை."