கணவாய் ஏறாத மோட்டார் சைக்கிள்

மதிப்புக்குரிய மைத்துனர் லியூபென் அவர்களுக்கு,

அக்கா கணவன் ராங்கெல் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா வெசெலாவும் சுகம். உங்கள் அம்மா எங்கள் இருவரையும்விடச் சுகம். தாங்கள் பெருந்தன்மையோடு எங்களுக்குத் தானம் செய்தருளிய ஆள் உட்காரப் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் மட்டும்தான் சுகமில்லை.

கோடை எங்களிடம், குளிர்காலம் உன்னிடம் என்பதுதானே அம்மாவுக்காக நாம் பேசிவைத்த ஏற்பாடு? பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுப்பார். அக்டோபர் பிறந்ததிலிருந்து மூன்று முறை பெட்டி படுக்கையோடு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு உன் ஊர் புளோவ்திவுக்குப் புறப்பட்டேன். மூன்று முறையும் பதினோராவது கிலோமீட்டரில், கணவாய் ஏற்றத்தில், எஞ்சின் இருமி, இளைத்து, நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. உள்ளே பாதிக்கு மேல் பெட்ரோல். அதற்குப் போக இஷ்டமில்லை, திருப்புங்கள் என்பார் அத்தை. ஊர்ப் பக்கம் திருப்பினால் குதிரை மாதிரி ஓடுகிறது. உன் வாசலுக்கு மட்டும் வராத வண்டியாகப் பார்த்து எனக்குக் கொடுத்திருக்கிறாயே, உன் மூளையை மெச்சுகிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் பனி கணவாயை மூடிவிடும், அப்புறம் வசந்தம்வரை அத்தை எனக்குத்தான்.

மெக்கானிக் அஸ்பாருக் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று மாற்றினான். பதினோராவது கிலோமீட்டர்வரை அருமையாக ஓடியது. பஸ் டிரைவர் சைலன்சர் அடைத்திருக்கிறது என்று கம்பியால் குத்தினார். கொட்டிய கரியில் என் கல்யாணக் கோட்டு போனது, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ரும்யானா, டிராக்டர் ஓட்டுகிறவள், இடுப்பில் கைவைத்துக் கதையை முழுக்கக் கேட்டாள்.

"மூடியத் திறந்தா புஸ்ஸுங்குதுன்னா, மூடியில மூச்சு ஓட்டை எங்க?"

பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டுமாம். வராவிட்டால் பெட்ரோலும் இறங்காது, எஞ்சின் பட்டினி. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் புனித நிக்கொலாஸ் நின்றுகொண்டிருந்தார். பாதிரியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்த அன்று, வழித்துணைக்கென்று அத்தை ஒட்டிய படம், மேலே வார்னிஷ் வேறு. ஊரெல்லாம் உன்னைத் திட்டினேன். அதற்கு வருந்தவில்லை, அந்தத் திட்டு வேறு எதற்காவது பொருந்தும்.

படத்தை உரித்துவிட்டுத் தனியாகக் கணவாயைத் தாண்டிப் போய்வந்தேன், வண்டி பறக்கிறது. வியாழக்கிழமை உன் அம்மாவோடு வருகிறேன். சூப்பில் உப்புச் சரியில்லை என்பதை இனி உன் மனைவி கேட்கட்டும். கடவுள் உனக்குப் பொறுமையையும் கொஞ்சம் காது மந்தத்தையும் அருளட்டும்.

இப்படிக்கு,
ராங்கெல்

பி.கு.: உறையில் போடும் முன் இதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஓட்டை இருக்கறது எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. உங்க மாமா டிராக்டர நாப்பது வருஷம் துடைச்சவ நான். அவன் வீட்டு எட்டாவது மாடியில, அவனும் மருமகளும் வேலைக்குப் போனா சாயங்காலம்வரைக்கும் லிஃப்ட் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கணும். இங்க உங்ககூட சண்டையாவது போடலாம்."

கட்டிய பெட்டியை நானே அவிழ்த்துவிட்டேன். இதை வெளியே சொல்லாதே. வியாழக்கிழமை நாங்கள் வரவில்லை. பனி மூடுவதற்குள் நீ பஸ் ஏறி வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. படத்தை நானே திரும்ப ஒட்டிவிட்டேன், வார்னிஷ் காய்ந்துகொண்டிருக்கிறது. எஞ்சினில் சுத்தமாகச் சக்தியில்லை என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.