பழனிக்குப் போன தும்மல்

கொடைக்கானல்
9.3.1988

மதிப்புக்குரிய மச்சான் கணபதி அவர்களுக்கு, அழகையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை அமிர்தவல்லியும் மகள் ஞானம்மாவும் இந்தப் பனியிலும் சுகமாகவே இருக்கிறோம். கூடலூரில் தங்கள் வீட்டில் அனைவரும் சுகந்தானா என்று ஒரு வரி எழுதினால் மனம் குளிரும்.

ஞானம்மா மதுரையில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே காய்கறி விவசாயிகள் சங்கத்தில் தற்காலிக வேலை பார்ப்பது தாங்கள் அறிந்ததே. இந்த மாதத்தோடு அது முடிவதாக இருந்தது. அதற்குள் அவள் ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள் மச்சான்! வில்பட்டியிலிருந்து எத்தனை மூட்டை, பள்ளங்கியிலிருந்து எத்தனை மூட்டை என்று இங்கே பட்டியல் அடித்தால், டெலிபோன் வழியாகவே போய் பழனிக் கிளையில் இருக்கிற கம்ப்யூட்டரில் அப்படியே விழும். முழுசா முடிக்கிறதுக்கு முந்தியே ஓடவிட்டு, எங்க ஒடையுதுன்னு பாக்கணுமாம். அதுக்குப் பேரு பீட்டா. நான் பீட்ரூட்டுக்கு மட்டும்னு நெனச்சு, "கேரட்டுக்கு எப்பம்மா?"ன்னு கேட்டுட்டேன். தையில ஒண்ணு, மாசியில ஒண்ணு, ஆடியில ஒண்ணுன்னு மூணு பீட்டாவுக்குத் தேதி போட்டு ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கா.

இதுல எனக்கும் பெரிய பொறுப்பு. கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு பெட்டி இருக்கு, பட்டியலைச் சத்தமா மாத்தி டெலிபோன்ல அனுப்பும்; ரிசீவரை அதுல இருக்கிற ரெண்டு ரப்பர் குழிக்குள்ள வைக்கணும்; அது ஆடாம அமுக்கிப் பிடிக்கிறது நான்தான். தை மாசம் முதல் பீட்டா அன்னைக்கு வெள்ளனே போய்ப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், பட்டியல் கீச்சுக் கீச்சுன்னு போய்க்கிட்டிருக்கு, பள்ளங்கி பீன்ஸ் வரி வரும்போது எனக்கு ஒரு தும்மல். அடக்க ஏலாம ரிசீவர் மேலேயே தும்மிட்டேன். அதுவும் சேந்து பழனிக்குப் போயிருச்சு மச்சான்! நாப்பது மூட்டை அங்க எண்ணூத்தி நாப்பதா விழுந்து, அம்புட்டையும் ஏத்திக்கிட்டுப் போக மத்தியானம் ஏழு லாரி மலையேறி வந்து ஆபீஸ் வாசல்ல நிக்குது. டிரைவர்மார் ஹாரனை அடிக்கிறாங்க, செக்ரட்டரி தலையில அடிக்கிறாரு, ஞானம்மா என்னைப் பாத்த பார்வையில நான் தொப்பியைக் கழட்டிட்டேன்.

ஆனா பிள்ளை அழுகலை. "நல்லதுப்பா, ஒடையுற எடம் தெரிஞ்சுபோச்சு"ன்னு ஒக்காந்து ரெண்டாவது பீட்டா எழுதினா. இதுல எடுத்த எடுப்புலயே பட்டியல் தொடங்காது. மொதல்ல இந்தப் பெட்டி "இருக்கியா?"ன்னு கேக்கும், பழனிப் பெட்டி "இருக்கேன், சொல்லு"ங்கும். ஒவ்வொரு வரியையும் அது கூட்டிப் பாக்கும், கணக்கு ஒதைச்சா "திரும்பச் சொல்லு"ங்கும். எம்புட்டு மரியாதை பாத்தீங்களா! போன வெள்ளிக்கிழமை சங்கத்துத் தலைவர் வேலுச்சாமி ஐயாவே பாக்க வந்தாரு. நான் மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு மூச்சை அடக்கி நிக்கிறேன். ஐயா குனிஞ்சு உத்துப் பாத்தாரு. மூக்குப்பொடி போடுற மனுசன். போட்டாரு பாருங்க ரெண்டு தும்மல், ரிசீவருக்கு நேரா! ஞானம்மா திரையையே பாக்குறா. திரையில வரி நின்னுச்சு, மறுபடி போச்சு, முடிஞ்சுச்சு. ரிசீவரை எடுத்து ஐயா காதுல குடுத்தோம். பழனிக் கிளையில கம்ப்யூட்டர் பாக்குற குருநாதன் தம்பி வரி வரியா வாசிக்கிறாரு. ஒரு மூட்டை மாறலை!

ஐயா பொடி டப்பாவை மூடிட்டு, "என் தும்மலையே ஏத்துக்கலையா? அப்ப நல்ல மிஷின்தான். பிள்ளை இங்கேயே இருக்கட்டும்"ன்னுட்டாரு. வேலை நிரந்தரம் மச்சான்! உங்க தங்கச்சி கேசரி கிண்டி ஆபீஸ் பூராவும் குடுத்தா. இனி லைன் அறுந்தா விட்ட எடத்துல இருந்து தொடரணும், பெறகு திண்டுக்கல், பெறகு மதுரைன்னு ஞானம்மா சொல்லிக்கிட்டே போறா. அம்புட்டுக்கும் ரிசீவர் பிடிக்க நான் ஒருத்தன்தான்.

ஆகவே, தங்கள் மகள் கல்யாணப் பத்திரிகை கிடைத்தும், வேலைப் பொறுப்பை உத்தேசித்து நான் வர ஏலாததைப் பொறுத்தருள வேண்டும். மணமக்கள் தளிரும் கொழுந்துமாகப் பெருகி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
அழகையா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஞானம்மா வாசித்துவிட்டுச் சிரித்தாள். மூணாவது பீட்டாவுக்குன்னு ஆடியில வரவேண்டிய புதுப் பெட்டி இன்னைக்கே வந்திருச்சாம். அதை டெலிபோன் கம்பியிலேயே சொருகிரலாம், ரிசீவரே வேண்டாம், பிடிக்க ஆளும் வேண்டாமாம். மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். நானும் உங்க தங்கச்சியும் கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முந்தியே வெரசா வந்து சேர்றோம். பந்தல்ல எதையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கிற சோலி இருந்தா, வேற யாருக்கும் சொல்லிறாதீங்க.