கம்பெனிக் கெண்டை

உலகத்தில் மீன் பிடிக்கிறவர்கள் உண்டு. மீன் வளர்க்கிறவர்களும் உண்டு. ஆனால் மீன் குலத்தையே திருத்தி எடுத்த நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். அது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கிறது. அங்கே ‘சுற்றுச்சூழல் மேம்பாட்டு அலுவலர்’ என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கும் பாக்கியம் அடியேனுக்குக் கிடைத்தது.

இந்த மகத்தான பணி இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கோடையில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் மெர்சி என்ற பெண்மணி. எங்கள் கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய காலனியில் குடியிருப்பவர். அவர் கணவர் ஸ்டீவன் எங்களிடமே ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் மெர்சி பாட்டிலில் மஞ்சள் தண்ணீரோடு வந்து நின்றார்.

“மோட்டாரு போட்டா இப்படித்தான் சார் வருது. சோறு வடிச்சா அதுவும் மஞ்சளா கீது. எங்க ஊட்டுக்காரரு ராவும் பகலும் சொறிஞ்சிக்கினே கீறாரு. நல்ல தண்ணிக்கு ஒரு கொயா போட்டுக் குடுங்க.”

நாங்கள் ‘சுத்திகரிக்கப்பட்ட’ நீரைத்தான் வெளியே விடுகிறோம் என்று பொறுமையாக விளக்கினேன். சுத்திகரிப்பு நிலையத்தின் திறப்பு விழாப் படத்தையும் காட்டினேன். அப்படியும் சமாதானமாகாமல் அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்துவிட்டார்.

ஆய்வு அதிகாரி வந்தார். கடமையே உருவெடுத்தவர். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் அந்தந்த நிமிஷமே எழுதிவிடுவார். அவர் பேனாவுக்கு மூடி உண்டா என்பதே எங்களுக்குத் தெரியாது.

“விதி சிம்பிள் சார்” என்றார். “உங்க கழிவுநீரைத் தொட்டியில நிரப்பி மீனை விடணும். நாலு நாள் கழிச்சு நூத்துக்குத் தொண்ணூறு உசுரோட இருந்தா கம்பெனி சுத்தம். இல்லாட்டி காலனிக்குக் குடிதண்ணிக் குழாய் உங்க செலவு.”

பண்ணையில் வாங்கிய கெண்டைகளை விட்டோம். அதிகாரிக்கு டீ வருவதற்குள் அத்தனையும் மல்லாந்துவிட்டன. ‘மீன்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு, வேறு தேதி கொடுத்தார்.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் கால்வாயில் ஒரு பெண் வலை போடுவதாகச் செக்யூரிட்டி வந்து சொன்னான். பழவேற்காட்டுப் பெண், பெயர் ஜபீன், சென்னையில் ஆராய்ச்சி மாணவி. கெண்டையைப் பிடித்துத் துடுப்பில் துளி வெட்டி எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பொது மேலாளர் துளசிராமன் கொதித்துப்போனார்.

“யாரு பர்மிஷன்ல உள்ள வந்தது?”

“நானா சார்?”

“நீ இல்லம்மா, மீனு!”

“இதுங்க இங்கயே பொறந்ததுங்க சார். உங்க தண்ணியைத் தாங்காத மீனெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. தாங்கினதோட வாரிசுங்கதான் மிச்சம். இயற்கைத் தேர்வுன்னு சொல்லுவாங்க. ஆனா ஒரு ஆபத்து இருக்கு. ஏரி மீன்கள்ள நோயை எதிர்க்கிற மரபணு மீனுக்கு மீன் வேற தினுசு. இதுங்க எல்லாத்துக்கும் ஒரே தினுசுதான். தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு போட்ட மாதிரி. ஒரு திருடன் வந்தா போதும்.”

“தாங்கும்னு சொல்லிட்டீங்கல்ல, அது போதும்” என்றார் துளசிராமன்.

மறு சோதனையில் கால்வாய்க் கெண்டைகளை விட்டோம். “எந்த ஊர் மீன்?” என்று கேட்டார் அதிகாரி. “லோக்கல் சார்” என்றேன். ‘உள்ளூர் இனம்’ என்று எழுதிக்கொண்டார். நாலு நாளும் கெண்டைகள் அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி சௌக்கியமாக இருந்தன. மெர்சியின் மனு தள்ளுபடி ஆயிற்று.

“மீனே நல்லா இருக்குதேம்மா, உங்களுக்கு என்ன?” என்று துளசிராமன் அன்பாகத்தான் கேட்டார்.

“செத்துப்போன மீனு எயிந்து வந்து மனு குடுக்குமா சார்?” என்றார் மெர்சி. விவரம் தெரியாதவர் என்று நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

எம்.டி. பூரித்துப்போனார். வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, தேறிய கெண்டைகளை அதில் குடியேற்றினோம். ‘கம்பெனிக் கெண்டை’ என்று பித்தளைப் பலகை மாட்டி, தொட்டிக்குப் பொன்னாடை போர்த்தினோம். அழகு போதவில்லை என்று எம்.டி.யின் மனைவி கொளத்தூர் வண்ணமீன் கடையிலிருந்து ஒரு தங்கமீன் வாங்கி வந்து விட்டார். அதன் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். புது டிசைன் என்று நினைத்தோம்.

வாரம் முடிவதற்குள் கெண்டைகளுக்கெல்லாம் அதே டிசைன். அப்புறம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தங்கமீன் மட்டும் தீனிக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. அட்டெண்டர் கோபால் தொட்டித் தண்ணீரை நம் வழக்கப்படி கால்வாயில் கொட்டினான், கால்வாயும் காலியாயிற்று. எங்கள் அமிலத்தையே வென்ற வீரர்கள் ஒரு புள்ளியிடம் தோற்றார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கால்வாய்க் காற்று பட்டாலும் அப்படி வருவதுண்டு.

அடுத்த வருஷச் சோதனை வந்தது. அதிகாரி பேனாவோடு வந்து உட்கார்ந்தார். தொட்டி இருந்தது, கழிவுநீர் இருந்தது, மீன் இல்லை. துளசிராமன் ஜபீனுக்குப் போன் போட்டு, “அந்தக் கெண்டை இன்னும் கொஞ்சம் கிடைக்குமாம்மா?” என்று கெஞ்சினார்.

“பத்து வருஷம் தினமும் கொன்னுக்கிட்டே இருங்க சார், கிடைக்கும்” என்று அவர் வைத்துவிட்டார்.

அப்போதுதான் மெர்சி காலனிப் பெண்களோடு காலிக் குடங்களுடன் உள்ளே வந்தார்.

“மீனு இல்லியா? அத்துக்கு இன்னாத்துக்கு சார் பேஜாரு? நாங்க கீறோமே. நாங்க எறங்கி நிக்கிறோம் தொட்டில. நாலு நாளு கயிச்சி எத்தினி பேரு மிச்சம்னு எண்ணிக்கோங்க.”

துளசிராமன் முகம் மலர்ந்தது. செலவில்லாத யோசனை. “விதியில இடமிருக்கா சார்?” என்று ஆவலோடு கேட்டார்.

அதிகாரி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “முடியாதுங்க. சோதனைக்கு விடுற உசுரு அதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியில இருந்திருக்கக் கூடாது. இவங்க வருஷக்கணக்கா இதுலதானே இருக்காங்க? செல்லாது.”

கெண்டைக்கு ஞாபகம் வராத விதி மனிதர்களுக்கு வந்துவிட்டதே! சட்டம் அறிந்தவர் என்றால் இவரல்லவா என்று நான் மனத்துக்குள் கைதட்டினேன். மெர்சி கைதட்டவில்லை. இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி மேஜைமேல் வைத்தார்.

“இப்ப சொன்னியே சார், அத்த அப்படியே எய்திக் குடு. எங்களுக்குக் கொயா வந்துடும்.”

அதிகாரி குடத்தைப் பார்த்தார், துளசிராமனைப் பார்த்தார், மெல்லச் சட்டைப்பையைத் தடவினார். அவர் பேனாவுக்கும் மூடி உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.