மூச்சு முட்டிய பெட்டி

கரண்ட் சாமியார் வந்துவிட்டார்! ரொட்டிக்கடை வாசலில் தெருவே திரண்டுவிட்டது. மற்ற சாமியார்கள் மனிதர்களுக்கு அருள்வாக்குச் சொல்வார்கள். இவர் மின்சாரப் பெட்டிகளுக்குச் சொல்பவர். காலம் முன்னேறும்போது ஏமாற்று மட்டும் பின்தங்கலாமா?

கடையின் வெளிச்சுவரில் புதிதாக ஒரு பேனல் பெட்டி. எலக்ட்ரீஷியன் ஒழுங்காகத்தான் மாட்டிவிட்டுப் போயிருந்தார். உள்ளே மெயின் பிரேக்கர். மேல்பக்கம் வேண்டாத ஒரு துளை. மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க அதற்கு ஒரு ரப்பர் மூடி. மறுநாளே சாமியார் வந்து பார்த்தார்.

"பெட்டிக்கு மூச்சு முட்டுது!" என்றார். மூடியைப் பிடுங்கி, ஏற்கெனவே பல மூடிகள் தொங்கிய தன் கழுத்து மாலையில் கோத்துக்கொண்டார். தினமும் பெட்டியின் தலையில் ஒரு செம்பு மந்திரத் தண்ணீர் ஊற்றும்படி உத்தரவிட்டார்.

அன்றே பிரேக்கர் விழுந்து கடைக்குக் கரண்ட் நின்றது. தண்ணீர் ஊற்றினால் விழாமல் என்ன செய்யும்? விழும்போதெல்லாம் சாமியார் வருவார். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து வெகுநேரம் விசிறுவார். "கோபம் தணியுது" என்பார். தணிந்ததென்னவோ ஈரம்! பிரேக்கரைத் தூக்கிவிட்டதும் அடுப்பு சூடாகும், கூட்டத்துக்குப் புல்லரிக்கும்.

கடைசியில் இன்று கேட்டாரே ஒரு காணிக்கை! "பெட்டிக்குக் காவலா நான் இங்கயே இருக்கணும். முன்னறைச் சாவிய குடு."

ரொட்டிக்கடைக்காரர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேவிட்டார். அவர் மனைவிக்குக் கண் கலங்கியது. "அந்த ரூம்லதானே வியாபாரம்! அத குடுத்துட்டு, கூரை மேல உக்காந்தா ரொட்டி விப்பீங்க?"

"சும்மா இரு. ஒரு வாரமா பிரேக்கர் விழவே இல்ல. எல்லாம் மந்திரத் தண்ணியோட மகிமை!"

மனைவியின் தங்கை முன்னால் வந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் தெருவில் அவள் பெயரே 'ஏனம்மா'.

"அந்தத் தண்ணிய ஊத்தறது நான்தான், மாமா. ஒரு வாரமா பெட்டி மேல ஊத்தல. சாக்கடையில ஊத்தறேன்."

கூட்டம் வாயைப் பிளந்தது. சாமியார் அசரவில்லை, அனுபவஸ்தர்.

"பாவி! பெட்டி தாகத்துல தவிக்குது. பழி வாங்கப் போகுது!"

"அப்ப இப்பவே ஊத்திடலாம் சாமி." உள்ளே போய்ச் செம்போடு வந்தாள். "நீங்க பெட்டியத் திறந்து உள்ள கைய வைங்க. உங்ககிட்டதான் அதுக்குக் கோபமே வராதே!"

சாமியாருக்கு வியர்த்தது. "நேரம் சரியில்ல..."

"வைங்க சாமி!" என்றது பக்திக்கூட்டம். இரண்டு பக்தர்கள் அன்போடு அவரைப் பெட்டியருகே தள்ளிவிட்டார்கள். ஏனம்மா செம்பைத் தூக்கினாள்.

"ஐயோ, ஊத்தாத! ஷாக் அடிச்சுச் செத்துருவேன்!"

சாமியார் தாவிய தாவலில் மாவு மூட்டை மேல் போய் விழுந்தார். எழுந்தபோது முழு வெள்ளை.

ஏனம்மா செம்பைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"காலிச் செம்புக்கே இந்தக் குதியா? இவ்வளவு தெரிஞ்சுகிட்டுத்தான் தினமும் எங்கள ஊத்தச் சொன்னீங்களா?"

சாவி இடுப்புக்குத் திரும்பியது. ரொட்டிக்கடைக்காரர் மாலையைப் பிடித்து இழுத்து, தன் மூடியைத் தேடினார். "அய்யய்யோ, அது என்னோடது!" என்றார் தையற்காரர். "இது எங்க வீட்டுது!" என்றார் சலவைக்காரர். நேற்றுவரை அந்த மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்தான்! கழுத்து காலியானதும் சாமியார் வந்த வழியே ஓட்டம் பிடித்தார்.

அக்காள் தங்கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கூட்டத்தில் நின்ற எனக்கும் சந்தோஷம்தான். தெருவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நம்பினேன். அந்த நேரம் பார்த்துத் தையற்காரர் பயபக்தியோடு செம்பைத் தொட்டார்.

"ஏம்மா, சாமியாரையே விரட்டிடுச்சே! இந்தச் செம்புக்கு ஏதோ சக்தி இருக்கு. நாளைக்கு எங்க வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டு வர்றியா?"

ஏனம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கையில இருக்கற மூடிய பெட்டியில மாட்டுங்க. மண்டைய மட்டும் கொஞ்சம் திறந்து வைங்க!"