நான் கழுவிய கூட்ஸ் வண்டி

அழுக்கில் இரண்டு வகை உண்டு என்பது ஐம்பத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. ஒன்று, துடைக்க வேண்டிய அழுக்கு. இன்னொன்று, துடைத்தால் பெற்ற பெண்ணே நம் முகத்தைத் திரும்பிப் பார்க்காத அழுக்கு. கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கு தினமும் பஸ்ஸில் போய்க் கணக்கு சொல்லித்தரும் எனக்கு இந்த எளிய பாடம் புரிய ஒரு வாளித் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் தேவைப்பட்டன.

என் மகள் தேன்மொழி வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறாள். மிச்ச நேரமெல்லாம் மாடி அறையில் குட்டி ரயில் செய்கிறாள். பலகை மேல் தண்டவாளம், எங்கள் ஊர் ஸ்டேஷன், பின்னால் காகிதக்கூழில் மலை. இவை எல்லாம் சேர்ந்ததற்கு லேஅவுட் என்று பெயர். (எனக்கு லேஅவுட் என்றால் செங்கம் ரோட்டில் கொடி நட்டுக் கூவி விற்கிற வீட்டுமனைதான். 'லேஅவுட் போடறேன்ப்பா' என்று அவள் முதலில் சொன்னபோது, பட்டா கிளியரா இருக்கா என்று கேட்டேன்.)

இதே பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. தேன்மொழி அதில், தான் செய்த கூட்ஸ் வேகன் கதவின் கொண்டியை மட்டும் படமெடுத்துப் போடுவாள். அரிசி அளவு கொண்டி. உடனே எங்கோ இருக்கிற ஒருவர் 'கொண்டி அருமை' என்பார். இன்னொருவர், தான் செய்த கொண்டியைப் போட்டு, உங்களுடையது மாதிரி வரவில்லையே என்று அழுவார். நான் ஹெட்மாஸ்டர் பொறுப்பேற்ற படத்தைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டபோது என் கூடப் பிறந்த தம்பியே ஒரு கட்டைவிரலோடு முடித்துக்கொண்டான். முன்பின் தெரியாதவர்கள் எதற்காக இவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பெண்ணைப் பெற்றவன் பயப்படாமல் எப்படி இருப்பது?

பிறகு ஒருநாள் அன்பு நின்றது. தேன்மொழி ஒரு சிமென்ட் வேகன் படம் போட்டிருந்தாள். சக்கரத்துக்கு மேலே துருத்தூள், கதவோரம் சிமென்ட் சிந்திய வெள்ளைப் படிவு, பக்கவாட்டில் எண்ணெய்க் கறை. விழுப்புரத்திலிருந்து வரதன் என்பவர், கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், எழுதினார்: 'முப்பது வருஷம் வேகனோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். இது கையால் வருகிற அழுக்கு இல்லை. நிஜ வேகன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள்.'

(படம் பொய் என்கிறார் என்பது மட்டும்தான் அப்போது என் தலையில் ஏறியது; பேச்சே அழுக்கைப் பற்றி என்பது ஏறவில்லை.) அவள் அன்று சாப்பிடவில்லை. பாராட்டே இல்லாமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பொய் சொல்கிறாள் என்றதைத் தாங்க முடியவில்லை. 'நேர்ல வந்து பாருங்க சார்' என்று மட்டும் பதில் போட்டாள். அவரும் வருகிறேன் என்றார். வேலூர் பல் டாக்டர் ஒருவர், குரூப்பை நடத்துகிறவர், நடுவராகத் தானும் வருவதாகச் சொன்னார். பௌர்ணமி வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது என்று நாள் குறித்துக்கொடுத்தது நான்தான்.

அந்த ஞாயிறு காலை தேன்மொழி அவர்களை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். என் மனைவி சுமதி கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். என்னை யாரும் எந்த வேலையும் செய்யச் சொல்லவில்லை. (இதை சுமதி இன்றும் அழுத்திச் சொல்வாள்.) சும்மா இருக்க முடியாமல் மாடிக்குப் போனேன். ஸ்டேஷன் நன்றாக இருந்தது. மலை நம் மலை மாதிரியே இருந்தது. ஆனால் வேகன்கள்? ஒரே துரு, கறை, புழுதி. விழுப்புரத்திலிருந்து ஒருவர் குற்றம் கண்டுபிடிக்கவே வருகிறார், இவள் இப்படிப் போட்டு வைத்திருக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

எட்டு வேகன்களையும் வாளியில் இறக்கினேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பை விட்டு, டூத்பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தேன். தண்ணீர் டீ நிறத்துக்கு மாற மாற எனக்குள் பெருமை பொங்கியது. கரண்ட் பயத்தில் எஞ்சினைத் தொடவில்லை. குலதெய்வம் காப்பாற்றியது அந்த ஒன்றைத்தான். பிளாட்பாரத்தில் பல்லி எச்சம் ஒன்று காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி ஜன்னல் வழியாக எறிந்தேன். பிற்பாடு தெரிந்தது, அது சுருண்டு படுத்திருந்த நாய். அதைச் செய்ய அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்ததாம்.

வேகன்களை ஃபேனில் காயவைத்து, பளபளவென்று வரிசையாக நிறுத்தினேன்.

வந்தவர்கள் மாடி ஏறினார்கள். வரதன் சார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"அந்த சிமென்ட் வேகன் எங்கம்மா?"

தேன்மொழி பார்த்தாள். வேகன்களைப் பார்த்தாள், பிறகு மூலையில் இருந்த வாளியைப் பார்த்தாள், பிறகு என்னை.

"நான்தான் சார் கழுவி வெச்சேன்," என்றேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன். "ரொம்ப அழுக்கா இருந்துச்சு. சோப்பு போட்டு தேச்சிட்டேன்."

டாக்டர் வாயைத் திறந்தார். பல் டாக்டர் வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றுதான். வரதன் சார் என்னையும் வேகனையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வேகன நான் பாத்ததில்லைங்க," என்றார்.

கேசரித் தட்டோடு மேலே வந்த சுமதிக்கு ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. "அய்யோ, இந்த மனுசன," என்றாள். தேன்மொழி கீழே இறங்கிப் போனாள்.

அந்த அழுக்குதான் அவள் செய்த வேலை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். வரதன் சார் இனி குரூப்பில் என்ன எழுதுவார்? அழுக்கே இல்லை, நான் சொன்னது சரி, அப்பா கழுவிவிட்டார் என்று கதை விட்டார்கள் என்றுதானே? நான் பெண்ணின் மானத்தை வாளியில் முக்கிவிட்டேன். கீழே அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அழவேண்டியவன் நான்.

அவள் ஒரு டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தாள். உள்ளே வண்ணச் சாக்பீஸ் தூள், செங்கல் பொடி, தூரிகை. கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எந்த வேகன்னு நீங்களே எடுத்துக் குடுங்க சார். உங்க முன்னாடியே அழுக்காக்கித் தரேன்."

அவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்தாள். சக்கரத்துக்கு மேல் துருத்தூளை ஊதினாள், தூரிகையை எச்சில் ஈரத்தில் நனைத்து எண்ணெய்க் கறையை இழுத்தாள், கதவோரம் விரல் நுனியால் வெள்ளையைத் தட்டினாள். நான் மூச்சுகூட விடவில்லை. (விட்டால் தூள் பறந்துவிடும், இன்னொரு குற்றம் சேரும்.) இத்தனை நாள் அவள் மாடியில் என்ன செய்கிறாள் என்று கவலைப்பட்டேனே தவிர, ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் கரும்பலகையில் வட்டம் போட்டாலே பையன்கள் சிரிப்பார்கள். இந்தக் கை யாரிடமிருந்து வந்தது?

வரதன் சார் ஒரே ஒருமுறை குறுக்கிட்டார். "வெள்ளை கீழ வரைக்கும் வழிஞ்சி எறங்கணுமே?"

"அது மழை பெஞ்சா சார். இது மழைக்கு முன்னாடி."

அவர் வேகனை உள்ளங்கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தானே படம்பிடித்து, தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி குரூப்புக்கு அனுப்பினார். டாக்டர் அதை உரக்க வாசித்தார்: 'என் கண் எதிரில் கையால் செய்தது. நான் சொன்னது தப்பு. பாப்பா மன்னிக்கணும்.'

அதன்பிறகு மூன்று போன்களும் அடங்கவில்லை. டாக்டர் சட்டையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து பல் சுரண்டுகிற கருவியை எடுத்து ஒரு வேகனைக் கீறிப் பழசாக்கினார். வரதன் சார் இன்னொன்றுக்குத் தூள் பூசிவிட்டு, எப்படி இருக்கு என்று என் மகளிடம் காட்டினார். "கம்மியா போடுங்க சார், இது கரி வண்டி இல்ல," என்றாள். மனிதர் அடக்கமாகத் துடைத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டை மறந்து மூன்று பேரும் அழுக்காக்கினார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அதையும் சுமதி மேற்பார்வை பார்த்தாள்.

ஏழு வேகன்கள் முடிந்தன. எட்டாவதை மட்டும் தேன்மொழி தொடவிடவில்லை. "இது அப்பா கழுவுனது. இப்படியே இருக்கட்டும்," என்றாள். ரயில்வேயில் பெட்டிகளைக் கழுவுகிற தண்டவாளத்துக்கு வாஷிங் லைன் என்று பெயராம். ஸ்டேஷன் ஓரமாக ஒரு துண்டுத் தண்டவாளம் ஒட்டி, அதை அதில் நிறுத்திவிட்டாள்.

இப்போது நானும் அந்த குரூப்பில் இருக்கிறேன். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. நான் வாஷிங் லைன் சார். யாராவது துருப்பிடித்த எஞ்சின் படம் போட்டால், வாஷிங் லைன் சார் கண்ணில் படாமல் வைங்க என்று நாலு பேர் எழுதுவார்கள். வீட்டிலும் அதே கதிதான். நான் சிங்க் பக்கம் போனாலே, மாடிக் கதவைச் சாத்து என்று சுமதி குரல் கொடுப்பாள். எனக்கோ அந்த டீ நிறத் தண்ணீர் இன்னும் கனவில் வருகிறது.

போன வாரம் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், எல்லா வேகனும் பழசாக இருக்கும்போது ஓரத்தில் ஒன்று மட்டும் ஏன் புதுசு, யார் செய்தது என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதலாமா என்று யோசிப்பதற்குள் தேன்மொழி எழுதிவிட்டாள்: 'எங்க அப்பா.'

'கழுவியது' என்ற சொல்லை அவள் சேர்க்கவில்லை. அதற்குக் கீழே அந்தப் புதியவர் 'வேலை சுத்தம்' என்று பாராட்டியிருந்தார். நானும் திருத்தவில்லை.