வேலாத்தாள் முதுகில் முளைத்த குற்றம்

ஒரு காட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. கல்யாணம் என்றால் பந்தி, பந்தி என்றால் சண்டை. மாப்பிள்ளை வீட்டுக் கடமான்களுக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை என்று பேச்சு தடித்தது. போதை ஏற்றும் இலுப்பைப் பூ வேறு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. கொம்போடு கொம்பு மோதியது. "அட விடுங்கப்பா, அடுத்த பந்தியில உக்காந்துக்கலாம்" என்று விலக்கப் போன சடையன் என்னும் முள்ளம்பன்றி, வயிற்றில் கொம்பு வாங்கிச் செத்துப்போனான். ஊர்ச் சண்டையை விலக்கப் போகிறவன் கதி எந்தக் காட்டிலும் அதுதான்.

அவன் பெண்டாட்டி வேலாத்தாள், கைக்குழந்தை பொன்னானை வைத்துக்கொண்டு அழுத அழுகையில் சிங்கராஜாவுக்கே மனசு கேட்கவில்லை. உடனே ஒரு சட்டம் போட்டார். கொம்பு, நகம், முள், கூரானது எதுவாக இருந்தாலும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் ஜெயில். ராஜாவின் நகமும் போலீசாரின் நகமும் மட்டும் அரசாங்கச் சொத்து என்பதால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வேலாத்தாள் முதல் ஆளாகக் காவல் நிலையத்தில் போய் நின்றாள். முள்ளைப் பிடுங்குவது லேசான காரியமா? உயிர் போய் உயிர் வந்தது. "எம் புருசனுக்கு வந்தது இன்னொருத்தனுக்கு வரக்கூடாதுங்க. நல்லா இழுத்துப் புடுங்குங்க" என்று ஏட்டுக் கரடியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது ஒரு சிறுத்தை. பெயர் மாசிலாமணி. பெயரை வைத்தவர் உடம்பைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"கையை நீட்டு" என்றது கரடி.

மாசிலாமணி பவ்வியமாக நீட்டினார். சிறுத்தைக்கு நகம் உறைக்குள் இருக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். வெளியில் பார்த்தால் இலவம்பஞ்சு மாதிரி இருந்தது.

"எங்கிட்ட ஏதுங்க ஆயுதம்? நானுண்டு, எங் காரியமுண்டு" என்றார்.

"ஏனுங்க ஏட்டய்யா, அந்த விரலைக் கொஞ்சம் அமுக்கிப் பாருங்க" என்றாள் வேலாத்தாள், ரத்தம் சொட்டும் முதுகோடு.

"இந்தாம்மா, சட்டத்துல கையை நீட்டச் சொல்லித்தான் இருக்கு. அமுக்கச் சொல்லி எங்கயும் இல்ல. நீ எனக்குச் சட்டம் சொல்லித் தர வேண்டாம், போ."

மாசிலாமணி 'நிராயுதபாணி' என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: சட்டம் வேலை செய்தது. அடுத்த கல்யாணத்திலும் பந்தித் தகராறு வந்தது. கடமான்கள் மொட்டைத் தலையோடு முட்டிக்கொண்டு, தலை வீங்கி, நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து பாயசம் குடித்தன. ஒரு உயிர் போகவில்லை. வேலாத்தாள் ஓரமாக நின்று அழுதாள். இந்தச் சட்டம் ஒரு வருசம் முந்தி வந்திருந்தால் அவள் புருசனும் பாயசம் குடித்துக்கொண்டிருப்பான்.

ஆனால் முயல்கள் காணாமல் போக ஆரம்பித்தன. பிறகு ஆடு. பிறகு கொம்பைக் கொடுத்துவிட்டு வந்த அதே கடமான்களில் ஒன்று. செத்தவனின் தம்பி காவல் நிலையத்துக்கு ஓடினான்.

"அண்ணனை நகத்தாலயே கிழிச்சுப் போட்டிருக்குதுங்க!"

"காட்டுலதான் நகமே இல்லையே, அப்புறம் எப்படிக் கிழிக்கும்?" என்றது கரடி. "வயித்து வலியில செத்திருப்பான்."

"பாதி உடம்பைக் காணமுங்களே!"

"கடுமையான வயித்து வலியா இருந்திருக்கும்."

ஆயுதக் குற்றம் அறவே ஒழிந்தது என்று முச்சந்திக்கு முச்சந்தி பிளக்ஸ் வைத்தார்கள். சிங்கராஜா அதில் இரண்டு கையையும் தூக்கி ஆசி வழங்கினார். அரசாங்கச் சொத்து பளபளவென்று தெரிந்தது.

இந்த லட்சணத்தில் வேலாத்தாளுக்கு முள் முளைக்க ஆரம்பித்தது. அவள் என்ன செய்வாள்? முடி மாதிரி அது தானாக முளைக்கிறது. மறுநாள் காலையில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். சட்டத்துக்குப் பயந்த சாதி.

அன்று சாயங்காலமே மாசிலாமணி அவள் வளைக்கு வந்தார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பொன்னானைக் கவ்வப் போனார். பஞ்சுக் கையிலிருந்து நகம் ஒவ்வொன்றாக வெளியே வந்ததை வேலாத்தாள் கண்ணால் பார்த்தாள். அவளுக்குச் சட்டமும் ஞாபகமில்லை, ராஜாவும் ஞாபகமில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸிலேயே போய் மோதினாள். மாசிலாமணியின் மூக்கில் பாதி முதுகு இறங்கியது.

சிறுத்தை அலறிக்கொண்டு ஓடியது. எங்கே என்கிறீர்கள்? நேராகக் காவல் நிலையத்துக்கு.

"ஆயுதத்தால் தாக்கிட்டாங்க ஐயா! இதோ மூக்கு, இதோ முள்!"

வேலாத்தாளைச் சிங்கராஜாவின் முன்னால் நிறுத்தினார்கள்.

"எம் புள்ளையைக் கொல்ல வந்தாருங்க சாமி. அவருக்கு நகம் இருக்குதுங்க. விரலை அமுக்கிப் பாருங்க!"

ராஜா மாசிலாமணியைக் கையை நீட்டச் சொன்னார். நீட்டினார். பஞ்சு. சான்றிதழையும் காட்டினார். "பார்த்தாயா? ஒழிந்துபோன ஆயுதக் குற்றத்தை நீ ஒருத்தி திரும்பக் கொண்டுவந்துவிட்டாய். பிளக்ஸை எல்லாம் இப்போது கழற்ற வேண்டும்" என்று ராஜா மனம் நொந்தார். ஆயுள் தண்டனை. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் குட்டியும் அம்மாவோடு உள்ளே.

ஜெயில் என்பது சுற்றிலும் கருங்கல் சுவர், முன்னால் இரும்புக் கம்பி. தலைவிதியே என்று அழுதுகொண்டு போன வேலாத்தாள், கம்பிக்கு வெளியே மாசிலாமணி வந்து நிற்பதைப் பார்த்தாள். அவர் கையை உள்ளே விட்டுத் துழாவினார். எட்டவில்லை. தோளை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. வேலாத்தாள் அழுகையை நிறுத்தினாள். புருசன் செத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் குட்டியைக் கட்டிக்கொண்டு அசந்து தூங்கினாள்.

விஷயம் காட்டில் பரவியது. கடமான் கொம்பு முளைத்ததும் ஓடி வந்தது. "ஏட்டய்யா, கொம்பு வெச்சிருக்கேன். சீக்கிரம் புடிங்க!" ஆடு வந்தது. முயலுக்குத்தான் ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு கருவேல முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

"இதெல்லாம் ஒரு ஆயுதமா?" என்றது கரடி.

"உங்க கால்ல குத்திக் காட்டட்டுங்களா?"

காட்டிவிட்டது. உள்ளே போனது.

இப்போது வெளியே இருப்பது ராஜா, போலீஸ், மாசிலாமணி. காட்டிலேயே ஒரே யோக்கியர் என்று மாசிலாமணிக்கு ராஜா பொன்னாடை போர்த்தினார். அது எலும்பும் தோலுமான உடம்பில் நிற்காமல் நழுவி விழுந்தது. பாவம், அவர் வாராவாரம் மனுப் போட்டு, ஆரஞ்சுப் பழத்தோடு ஜெயிலுக்கு வருகிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் கொழுகொழுவென்று வளர்ந்து நிற்கும் பொன்னானைப் பார்த்துக் கண்கலங்கிக் கேட்கிறார்:

"உன்னை எப்பக் கண்ணு விடுவாங்க?"

நீதி: கடுமையான ஆயுதச் சட்டம் உயிரைக் காப்பாற்றும், அதில் சந்தேகமே வேண்டாம். ஒரே நிபந்தனை, அதை நாம் முதலில் மீறித் தொலைக்க வேண்டும்.